வெல்டிங் பழக எத்தனை ராடு வேண்டும்? தொழிற்பயிற்சியைச் சீராக்குவது பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் வெல்டிங் பிரிவை எடுத்துக்கொள்வோம். 24 மாணவர்கள், 4 மெஷின், நாளைக்கு 3 மணி நேரம் பட்டறை வகுப்பு. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 30 நிமிஷம் மெஷின் கிடைக்கிறது. தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, கிளாம்ப் போடுவது, ராடு (வெல்டிங்கில் உருகி உலோகத்தை ஒட்டவைக்கும் கம்பி) மாற்றுவது, மேலே படியும் கசடைத் தட்டுவது எல்லாம் போக, உண்மையில் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) எரிகிற நேரம் 10 நிமிஷம் இருந்தால் பெரிது. அந்த 10 நிமிஷமாவது கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. ஆளுக்கு நாளைக்கு 3 ராடுதான் என்று ஸ்டோரில் அளந்து கொடுப்பார்கள். 3.15 மி.மீ. ராடு ஒன்று எரிந்து தீர ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஆக, அந்த மாணவன் அன்றைக்கு வெல்டிங் பழகியது ஏறக்குறைய 4 நிமிஷம். மீதி நேரம் வரிசையில் நின்றான், அல்லது ஓரமாக உட்கார்ந்து நோட்டில் படம் வரைந்தான்.

இப்போது அந்த நிலையத்துக்கு ஐந்தாவதாக ஒரு புது மெஷின் வருகிறது என்று வையுங்கள். ரிப்பன் வெட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். மாணவனுக்கு எவ்வளவு நேரம் கூடும்? ஒரு நொடிகூட அதிகமாகாது. தட்டுப்பாடு மெஷினில் இல்லை, ராடில் இருக்கிறது. அதே பணத்துக்கு ராடும் தகடும் வாங்கிப் போட்டிருந்தால் பயிற்சி நேரம் இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்களுக்குத் தெரிந்த நிலையத்தின் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வளரும் நாடுகளில் தொழிற்பயிற்சி ஏன் தடுமாறுகிறது, எதைச் செய்தால் சரியாகும் என்பதில் பெரும்பகுதி இந்தச் சின்னக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. மாணவன் கையில் கருவி இருந்த நேரம் எவ்வளவு, அப்போது பக்கத்தில் நின்று திருத்துகிற ஆள் இருந்தாரா என்ற இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டால், இந்தத் துறையில் வருகிற எந்தத் திட்டத்தையும் யாரும் எடைபோட்டுவிடலாம்.

மூன்று வழிகள்

எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர், வெல்டர், பிளம்பர், ஏசி மெக்கானிக், மோட்டார் மெக்கானிக் என்று கைத்திறனும் தொழில்நுட்ப அறிவும் சேர்ந்த வேலைகளை ஒருவர் கற்றுக்கொள்ள மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படிப்பது. இந்தியாவில் 1950ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வந்த ஐ.டி.ஐ.க்கள் இந்த வகை. இரண்டாவது, ஒரு கம்பெனிக்குள் அப்ரென்டிஸாகச் சேர்வது. மூன்றாவது, ஒரு மேஸ்திரியிடமோ மெக்கானிக்கிடமோ எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கிப் படிப்படியாகத் தொழிலைப் பிடித்துக்கொள்வது.

அரசு அறிக்கைகளில் பக்கம் பக்கமாக வருவது முதல் வழிதான். ஆனால் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பல நாடுகளில் தலைகளை எண்ணினால் மூன்றாவது வழியில் பழகியவர்களே அதிகம். கட்டடம் கட்டி நடத்தும் முதல் வழியைப் பற்றியே பேசி, ஷெட்டில் பழகும் மூன்றாவது வழியைக் கண்டுகொள்ளாமல் விட்டது இந்தத் துறையின் பழைய குறை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த வழியைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

கை எப்படிப் பழகுகிறது

முதலில், கைத்திறன் என்பது என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் போட்ட திட்டங்கள்தான் அதிகம் சொதப்பியிருக்கின்றன.

வெல்டிங்கில் ராடின் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, ஏறக்குறைய ராடின் உள்கம்பி விட்டத்தளவு, அதாவது 3 மி.மீ. போல இருக்க வேண்டும். ராடோ எரிய எரியக் குட்டையாகிக்கொண்டே வரும். அதனால் கை ஒரே நேரத்தில் இரண்டு திசையில் நகர வேண்டும்: தையல் (வெல்டிங் ஓடும் கோடு) போகும் திசையில் ஒரே சீராக, தகட்டை நோக்கி ராடு கரையும் வேகத்தில். இடைவெளி கூடினால் பொறி தெறிக்கும், சத்தம் உடைந்து கேட்கும், உள்ளே காற்றுக் குமிழ் தங்கும். குறைந்தால் ராடு தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் தையல் மெலிந்து ஓரத்தில் பள்ளம் விழும். மெதுவாகப் போனால் உலோகம் மேலே குவியும், அடியில் பிடித்திருக்காது. கறுப்புக் கண்ணாடி வழியே தெரிவது உருகிய உலோகக் குட்டையும் அதன் பின்விளிம்பும் மட்டும்தான். அனுபவமுள்ள வெல்டர் பாதி வேலையைக் காதால் செய்கிறார். சத்தம் மாறியதுமே கை தானாகத் திருத்திக்கொள்கிறது.

இதையெல்லாம் நீங்கள் இப்போது படித்துவிட்டீர்கள். பரீட்சையில் கேட்டால் எழுதிவிடுவீர்கள். ஆனால் ராடைக் கையில் கொடுத்தால் முதல் தடவை கட்டாயம் ஒட்டிக்கொள்ளும். நீச்சலைப் புத்தகத்தில் படித்த கதைதான்.

கை பழக, செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும். நல்ல பயிற்றுநர் என்ன செய்வார் தெரியுமா? பையன் போட்ட தையலின் மேல் ஓர் அறுப்புக் கீறல் போட்டு, வைஸில் (மேசையில் பொருத்திய இரும்பு இடுக்கியில்) பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைப்பார். மேலே பளபளவென்று அழகாக இருந்த தையலின் உள்ளே கசடு சிக்கியிருப்பதும், ஒரு பக்கம் உலோகம் ஒட்டவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரியும். "இங்கே கை சாய்ந்துவிட்டது பார்" என்று காட்டுவார். பையன் உடனே போய் அடுத்த ராடை எடுக்க வேண்டும். இந்தச் சுற்று எத்தனை தடவை நடக்கிறதோ அத்தனை பயிற்சி. உடைத்துப் பார்க்கத் தகடு இல்லை, அடுத்த ராடு நாளைக்குத்தான் என்றால் சுற்று அறுந்துபோகிறது.

ஃபிட்டருக்கும் இதே கதைதான். இரும்புக் கட்டையை அரத்தால் ராவிச் சமதளமாக்குவது முதல் பாடம். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நடுவில் மேடு தெரியும். ஏனென்றால் புதுக் கை அரத்தை முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டும். மணிக்கணக்கில் ராவி, வெளிச்சம் புகாத அளவுக்குக் கொண்டுவந்தவன், அப்புறம் 0.02 மி.மீ. காட்டும் வெர்னியரைத் தொடும்போது அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று விரல் நுனியில் தெரிந்துவைத்திருப்பான்.

வகுப்பறை எப்படிப் பட்டறைக்குள் வந்தது

உலகம் முழுக்க ஐ.டி.ஐ. மாதிரியான நிலையங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கின்றன: வரிசையாக வைஸ், வரிசையாக மாணவர்கள், முதல் பயிற்சி, இரண்டாம் பயிற்சி என்று எண் போட்ட பாடங்கள். இதன் வேர்களில் ஒன்று மாஸ்கோவில் இருக்கிறது. 1868 வாக்கில் அங்கிருந்த இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒவ்வொரு தொழிலையும் அடிப்படைச் செயல்களாகப் பிரித்தார்கள். அறுத்தல், ராவுதல், துளையிடுதல், கடைதல் என்று பிரித்து, எளியதிலிருந்து கடினம்வரை வரிசைப்படுத்தி, ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் பலருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி செய்தார்கள். 1876ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இந்த முறையைப் பார்த்த அமெரிக்கர்கள் அதைத் தங்கள் கல்வி நிலையங்களுக்கு எடுத்துப் போனார்கள்.

பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஒரு மேஸ்திரிக்கு இரண்டு சீடன் என்றிருந்ததை ஒரு வகுப்புக்கு இருபது பேர் ஆக்கியது. ஆனால் ஒன்று விட்டுப்போனது. பயிற்சிக்காகச் செய்த துண்டு, துண்டாகவே நின்றுவிட்டது. அதை வாங்க யாரும் காத்திருக்கவில்லை; பிசகினால் கோபப்பட ஒரு வாடிக்கையாளர் இல்லை. நெருக்கடியில் வேலை செய்வது, பழுது எங்கே என்று தேடுவது, பழைய ஸ்க்ரூ கழலாதபோது யோசிப்பது எல்லாம் அந்த எண் போட்ட பாடங்களில் வராது.

வளரும் நாடுகளில் எங்கே பிசகியது

பல நாடுகளில் விடுதலைக்குப் பின் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, ஆட்கள் வேண்டும் என்று இந்த அச்சை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கட்டடம் வந்தது, வெளிநாட்டு உதவியில் லேத் (கடைசல் மெஷின்) வந்தது. பிறகு நடந்தது பல இடங்களில் ஒரே மாதிரி. ஆண்டு நிதியில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போனது. ராடு, தகடு, வயர், எண்ணெய், ஹேக்ஸா பிளேடு போன்ற தேய்மானச் சாமான்களுக்கு மிச்சம் இருந்ததுதான் போனது. லேத்தில் ஒரு பெல்ட் அறுந்தால், அதற்கு டெண்டர் விட்டு வரும்வரை மெஷின் துணி போர்த்தி நிற்கும். (மெக்கானிக் ஆகப் படிக்கிறவர்கள் நிறைந்த இடத்தில் ஒரு மெஷின் பழுதாகி மாதக்கணக்கில் நிற்பது என்ன வேடிக்கை! அதைப் பிரித்துச் சரிசெய்வதைவிடச் சிறந்த பாடம் ஏது? தணிக்கை விதிகளுக்குப் பயந்துதான் பல இடங்களில் தொடுவதில்லை.)

இன்னொரு தவறும் நடந்தது. பள்ளிகளில் தொழிற்பாடத்தைச் சேர்த்துவிட்டால் பிள்ளைகள் குமாஸ்தா வேலையைத் தேடாமல் கைத்தொழிலுக்கு வந்துவிடுவார்கள் என்று நம்பினார்கள். 1965ல் கானாவை வைத்து வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. பிள்ளைகள் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பாடத்திட்டம் முடிவு செய்வதில்லை, வெளியே எந்த வேலைக்கு என்ன சம்பளம், என்ன மரியாதை என்பதுதான் முடிவு செய்கிறது என்று அது சொன்னது. இளைஞர்கள் "உடல் வளையாதவர்கள்" என்று திட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் இதுதான் பதில். அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். வெல்டருக்குச் சரியான கூலியும் பாதுகாப்பும் இல்லாத ஊரில் எவ்வளவு நல்ல வெல்டிங் பள்ளி திறந்தாலும், வேறு வழி இல்லாதவர்தான் வந்து சேர்வார்.

ஜெர்மனியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வது

தொழிற்பயிற்சி என்று பேச்செடுத்தால் யாராவது ஜெர்மனியைக் காட்டாமல் விடமாட்டார்கள். அங்கே வாரத்தில் 3, 4 நாள் கம்பெனியில் வேலை, 1, 2 நாள் தொழிற்பள்ளியில் படிப்பு. இரட்டை முறை என்பார்கள். பயிற்சி பெறுகிறவருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 1969ல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டம் இதை நாடு முழுக்க ஒரே சீராக்கியது.

நல்ல முறைதான். நம் இரண்டு கேள்விகளுக்கும் அங்கே நல்ல மதிப்பெண்: கருவி கையில் இருக்கிறது, திருத்தும் ஆள் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் அது சட்டத்தால் மட்டும் நிற்கவில்லை. தேர்வை நடத்தும் தொழில் வர்த்தக சபைகள், பாடத்திட்டத்தை உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் தொழிற்சங்கங்கள், ஆளைப் பழக்க இடமும் பொறுமையும் உள்ள நடுத்தர நிறுவனங்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைகளே பெரும்பான்மையாக உள்ள நாட்டில் சட்டத்தை மட்டும் நகலெடுத்தால், காகிதத்தில் அப்ரென்டிஸ் இருப்பார், பட்டறையில் பெருக்கித் துடைக்கும் பையன்தான் இருப்பான்.

நிறுவனங்கள் பயிற்சியில் பணம் போடத் தயங்குவதற்கு ஒரு நேர்மையான காரணமும் இருக்கிறது. நான் செலவு செய்து ஒருவனைப் பழக்கி எடுத்தால், எதிர்க் கம்பெனிக்காரன் கொஞ்சம் சம்பளம் கூட்டிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். எல்லோரும் இப்படி நினைத்தால் யாருமே பழக்கமாட்டார்கள். பழகிய ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் புலம்புவார்கள்.

இதற்குப் பிரேசில் 1942ல் ஒரு வழி கண்டது. தொழில் நிறுவனங்கள் பயிற்சிக்கென ஒரு தீர்வை கட்ட வேண்டும்; பின்னர் அது சம்பளப் பட்டியலில் 1 சதவீதம் என்று ஆனது. அந்தப் பணத்தில் தொழிலதிபர்களின் கூட்டமைப்பே செனாய் என்ற அமைப்பை நடத்தும். எப்படியும் பணம் போகிறது, அதனால் நல்ல ஆள் வெளியே வருகிறானா என்று கேட்கும் அக்கறை தொழில்துறைக்கு வந்தது. பின்னாளில் பிரேசிலின் அதிபரான லூலா செனாயில் டர்னர் பயிற்சி பெற்றவர்தான். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் 1960களில் ஒரு தொழிற்சாலை விபத்தில் போனது. பாதுகாப்புப் பாடத்தை முதல் நாள் ஒரு மணி நேரப் பேச்சாக முடித்துவிடும் நிலையங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஸ்விட்சை அணைத்து, வேறு யாரும் போடாதபடி பூட்டு மாட்டுவது, தொடும் முன் மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்வது, கிரைண்டர் போடும்போது கண்ணாடி அணிவது எல்லாம் அறிவாக இருந்தால் போதாது, கைப்பழக்கமாக ஆக வேண்டும்.

தீர்வை முறையைப் பிறகு பல நாடுகள் எடுத்தாண்டன. அதில் ஒரு கோளாறு அடிக்கடி வரும்: பெரிய கம்பெனிகள் படிவம் நிரப்பிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்; படிவம் நிரப்ப ஆளில்லாத சின்னப் பட்டறைக்கு ஒன்றும் வராது.

சிங்கப்பூர் வேறு மாதிரி செய்தது. தொழில் தொடங்க வந்த கம்பெனிகளையே பயிற்சி மையம் நடத்தச் சொன்னது. 1972ல் டாட்டாவுடன் சேர்ந்து அரசு ஒரு மையம் தொடங்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ரோலெய் (ஜெர்மனியின் கேமரா நிறுவனம்), ஃபிலிப்ஸ் நிறுவனங்களோடும் தொடங்கியது. கம்பெனி தனக்கு வேண்டியதைவிட அதிகமான ஆட்களைப் பழக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எதிர்க் கம்பெனிக்காரன் பயத்துக்கு இது ஒரு நேரடி மருந்து. சின்ன நாடு, உறுதியான அரசு, வரிசையில் நின்ற முதலீட்டாளர்கள் என்று மூன்றும் ஒன்றாக அமைந்ததால் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஷெட்டுக்குள் இருக்கும் பள்ளிக்கூடம்

சரி, மூன்றாவது வழிக்கு வருவோம். மேஸ்திரியிடம் பழகுவதில் நம் இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. கருவி நாள் முழுக்கக் கையில். திருத்தும் ஆள் இரண்டடி தூரத்தில், திட்டுகூட உடனே கிடைக்கும். வேலை நிஜ வேலை. பட்டறைக்கு வரும் பழுதுதான் பாடம்.

குறைகளும் நிஜம். மேஸ்திரிக்குத் தெரிந்ததுதான் சீடனுக்குத் தெரியும்; அவருக்குத் தெரியாத புது வண்டி வந்தால் இருவரும் சேர்ந்து முழிப்பார்கள். எர்த்திங் ஏன் போடுகிறோம் என்று யாரும் சொல்லித் தராததால், "அது இல்லாமலும் ஓடுது" என்று விட்டுவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் உருவாகிறார்கள். தொழில் ரகசியத்தைக் கடைசிவரை கைக்குள் வைத்துக்கொள்ளும் மேஸ்திரிகள் உண்டு. சீடன் நாளைக்கு எதிரே கடை போடுவான் என்ற பயம் அவருக்கும் இருக்கும் அல்லவா. வருஷக்கணக்கில் எடுபிடியாகவே வைத்திருந்து கூலி கொடுக்காதவர்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் சீடன்தான் குருவுக்குக் கட்டணம் கட்டிச் சேர்கிறான்; ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அங்கேயே கதவு சாத்தப்படுகிறது. எல்லாம் முடிந்து வெளியே வந்தாலும் கையில் ஒரு சான்று இருக்காது.

இந்தக் குறைகளுக்காகப் பட்டறையைக் கலைத்துவிட்டுப் பள்ளிக்கு வா என்பது நடக்காத காரியம். பட்டறையை அப்படியே வைத்துக்கொண்டு விடுபட்டதை மட்டும் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2012ல் தொடங்கிய ஸ்டார் திட்டம் இதைத்தான் செய்தது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் வாரத்தில் 5 நாள் ஊரிலுள்ள தொழிலாளரின் பட்டறையில் பழகுவார்கள். ஒரு நாள் வகுப்பு. மொத்தம் 6 மாதம். அந்த ஒரு நாள் வகுப்பில்தான் படம் பார்த்துப் புரிந்துகொள்வது, அளவைகள், பாதுகாப்பு, கணக்கு எல்லாம். கட்டடச் செலவு ஏறக்குறைய இல்லை. மேஸ்திரியும் பயிற்சி பெறுகிறார். என்னைக் கேட்டால், பணம் குறைவாக உள்ள நாடுகள் முதலில் பார்க்க வேண்டிய அச்சு இதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

பயிற்சி கொடுத்தால் வேலை கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கொலம்பியாவில் 2001க்கும் 2005க்கும் நடுவே நடந்த ஒரு திட்டத்தில் 3 மாதம் வகுப்பு, 3 மாதம் நிறுவனத்தில் வேலைப் பயிற்சி. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் சேர்த்தார்கள். அதனால் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண்களின் வருமானம் 20 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. ஆண்களுக்கு அப்படித் தெளிவான உயர்வு தெரியவில்லை.

உகாண்டாவில் நடந்து 2020ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு 6 மாதம் பயிற்சி நிலையத்தில் படிப்பு. இன்னொரு பகுதியினரைச் சிறு நிறுவனங்களே எடுத்துப் பழக்க உதவித்தொகை. நிறுவனத்தில் பழகியவர்களுக்குத் தொடக்கத்திலேயே வேலை அமைந்தது. ஆனால் நாளாக ஆக நிலையத்தில் படித்தவர்கள் முந்திவிட்டார்கள். காரணம், அவர்கள் கையில் சான்றிதழ் இருந்தது. ஒரு வேலை போனாலும் அடுத்த இடத்தில் காட்ட முடிந்தது. பட்டறையில் பழகியவரின் திறமையோ அந்த முதலாளிக்கு மட்டும் தெரிந்ததாகவே நின்றுவிட்டது.

இது என் இரண்டு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறது: கற்றதை வேற்றாள் நம்பும்படி காட்ட முடியுமா?

சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும்

இதற்கு இரண்டு பக்கத்திலும் பள்ளம் இருக்கிறது. ஒரு பக்கம், எழுத்துத் தேர்வு. வெல்டிங்கின் வகைகளை விவரி என்று கேட்டுவிட்டுச் சான்றிதழ் கொடுத்தால், அதை எந்த முதலாளியும் மதிக்கமாட்டார். மறுபடி ஒரு ராடைக் கொடுத்துப் "போடு பார்க்கலாம்" என்பார். இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் தகுதி அலகுகளாக உடைத்து எழுதும் மோகம். தென்னாப்பிரிக்கா 1995ல் சட்டம் போட்டு ஒரு தேசியத் தகுதிச் சட்டகத்தை (எந்தச் சான்றிதழ் எந்தத் தரம் என்று வரிசைப்படுத்தும் அமைப்பை) கட்டியது. இன்னதைச் செய்யத் தெரிய வேண்டும் என்ற அலகுகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தார்கள். அவற்றில் பெரும்பகுதியை யாரும் நடத்தவே இல்லை. 2008ல் சட்டத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அதைப் பார்த்த பிறகும் பல நாடுகள் அதே பாதையில் போயின. குழு போட்டு ஆவணம் எழுதுவது, பட்டறைக்கு ராடு வாங்குவதைவிடச் சுலபம் போலிருக்கிறது.

நல்ல சான்று எளிமையானது. ஒரு வேலையைக் கொடு, நேரம் குறி, செய்து முடித்ததை அளந்து பார், பழக்கிய ஆளே மதிப்பெண் போடாமல் வெளியாள் ஒருவர் போடட்டும். வெல்டருக்கு வளைத்துப் பார்க்கும் சோதனை; எலக்ட்ரீஷியனுக்கு வேண்டுமென்றே கோளாறு வைத்த ஒரு பலகையில் கோளாறைக் கண்டுபிடிப்பது. ஏற்கெனவே பத்து வருஷம் தொழில் செய்தவர் வகுப்பில் உட்காராமலேயே இந்தச் சோதனைக்கு வர முடிய வேண்டும். முன்னனுபவ அங்கீகாரம் என்ற பெயரில் இந்தியா, வங்கதேசம் உட்படப் பல நாடுகளில் இது வந்துவிட்டது. எங்கே சோதனை கறாராக இருக்கிறதோ அங்கே அதற்கு மதிப்பு. வருகைப் பதிவு எடுத்துச் சான்று கொடுக்கும் இடத்தில் அது வெறும் தாள்.

பயிற்றுநர்

எந்தச் சீர்திருத்தமும் கடைசியில் இவர் தோளில்தான் வந்து உட்காரும். ஆனால் பல நாடுகளில் பயிற்றுநர் எப்படி வருகிறார்? அதே நிலையத்தில் படித்து, டிப்ளமோ முடித்து, ஒரு நாளும் தொழிற்சாலையில் வேலை செய்யாமல், மறுபடி அதே நிலையத்துக்கு ஆசிரியராக. குற்றம் அவருடையது இல்லை. விதிகள் பட்டத்தைக் கேட்கின்றன, அனுபவத்தைக் கேட்பதில்லை. பதினைந்து வருஷம் வேலை பார்த்த டர்னருக்குப் பட்டம் இல்லை, அதனால் உள்ளே வர முடியாது. வந்தாலும் வெளியே சம்பாதிப்பதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

அந்த டர்னரை வாரத்துக்கு இரண்டு மாலை வரச் சொல்லலாம். நிரந்தரப் பயிற்றுநரைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு மாதம் தொழிற்சாலைக்கு அனுப்பலாம். அனுபவசாலிக்குச் சொல்லித் தரும் கலை தெரியாமல் இருக்கலாம். தனக்குப் பழகிப்போனதை அவரால் வார்த்தையில் பிரிக்க முடியாது, "இப்படித்தான்" என்று செய்து காட்டுவார். அதற்குக் குறுகிய பயிற்சி கொடுத்தால் போதும். கைத்திறன் இல்லாத ஆசிரியருக்குக் கைத்திறன் கொடுப்பதைவிட அது எவ்வளவோ சுலபம்.

மொழியும் இங்கேதான் வருகிறது. பயிற்சிக் கையேடு மாணவனுக்குப் புரியாத மொழியில் இருந்தால், அவன் மனப்பாடம் செய்வான். டார்க், கேஜ், க்ளியரன்ஸ் போன்ற பட்டறைச் சொற்கள் அப்படியே இருக்கட்டும். கேட்லாக் படிக்கவும் வெளிநாடு போகவும் அவை வேண்டும். விளக்கம் தாய்மொழியில் இருந்தாக வேண்டும்.

பெண்களைச் சேர்ப்பது பற்றிப் பேசுகிறவர்கள் விளம்பரப் பலகையில் தொடங்குகிறார்கள். பூட்டு போட்ட கழிப்பறை, இருட்டும் முன் முடியும் வகுப்பு, கைக்கு அளவான கையுறை என்று தொடங்கினால் விளம்பரம் தேவைப்படாது.

ஒரு நிலையத்தை எப்படிப் பார்ப்பது

வீட்டுப் பிள்ளையைச் சேர்க்கும் முன் போய்ப் பார்க்கிறவர்கள் கட்டடத்தையும் கம்ப்யூட்டர் அறையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பட்டறை வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். எத்தனை பேர் கையில் கருவி இருக்கிறது, எத்தனை பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். கழிவுத் தொட்டியில் வெட்டிய, உடைத்த, வளைத்த துண்டுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். சுத்தமான பட்டறை என்று மகிழ வேண்டாம். ஒரு மாதத்துக்கு எவ்வளவு ராடு, எவ்வளவு வயர் செலவாகிறது என்று ஸ்டோரில் கேளுங்கள். பயிற்றுநர் முன்பு எங்கே வேலை செய்தார் என்று கேளுங்கள். மெய்நிகர் வெல்டிங் கருவி (நிஜ ஆர்க் இல்லாமல் திரையில் பார்த்துப் பழகும் கருவி) வைத்திருக்கிறோம் என்று பெருமையாகக் காட்டினால், நல்லது, கை நிதானம் பழக அது உதவும். ஆனால் அதற்கப்புறம் எத்தனை நிஜ ராடு தருகிறீர்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, போன வருஷம் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணைச் சொன்னால் அத்தோடு விடாதீர்கள். இரண்டு பேருடைய போன் எண்ணைக் கொடுக்க முடியுமா என்று கேட்டு, அவர்களிடமே பேசுங்கள்: பயிற்சியில் படித்த தொழிலைத்தான் செய்கிறார்களா, வேலைக்குப் போன முதல் மாதம் எதைத் தெரியாமல் விழித்தார்கள் என்று. அந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை எழுதி நிலையத்தின் முதல்வரிடமே கொடுத்தால், அடுத்த வருஷப் பாடத்திட்டத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவருக்குக் குழுகூடப் போட வேண்டியிருக்காது.